எந்த ஊர் கென்?

மீட்டரை 3.3 ஆல் பெருக்கினால் ஷாகு. இது குத்துமதிப்புக் கணக்கு இல்லை, மிகச் சரியான கணக்கு. 10 மீட்டருக்கு 33 ஷாகு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒரு ஷாகு 303.03 மில்லிமீட்டர். அதைப் பத்தாகப் பிரித்தால் சுன், சுன்னைப் பத்தாக்கினால் பு, புவைப் பத்தாக்கினால் ரின். மேலே போனால் ஆறு ஷாகு ஒரு கென், ஒரு கென் சதுரம் ஒரு ட்சுபோ. சதுர மீட்டரை 0.3025 ஆல் பெருக்கினால் ட்சுபோ வந்துவிடும், அதிலும் மிச்சம் விழாது. கியோத்தோவில் வேலைக்குச் சேர்ந்தபோது இதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி மேசை விளக்கில் ஒட்டி வைத்தேன். கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் படித்தவள் நான். அறை அடியிலும், கம்பி மில்லிமீட்டரிலும், மனை சென்ட்டிலும் புழங்கும் ஊர்க்காரிக்கு இன்னோர் அளவு வந்து சேர்வது ஒன்றும் கலவரமில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வருவது பெரும்பாலும் பழைய மாச்சியா வீடுகள். தெருப்பக்கம் கடை, உள்ளே வீடு, நடுவில் முற்றம் என்று ஒடுங்கி நீண்டு போகும் மரவீடுகள். நான் லேசர் கருவியால் அளந்து மில்லிமீட்டரில் வரைவேன். எங்களோடு வேலை செய்யும் மூத்த தச்சர் அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பென்சிலால் பக்கத்திலேயே ஷாகுவை எழுதிக்கொண்டு போவார். அவர் பெருக்குவதை நான் பார்த்ததில்லை. பெருக்குவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கேள்வி இருக்கும்: “தூணோட நடுவிலேர்ந்து நடுவுக்கா, முகத்திலேர்ந்து முகத்துக்கா?” அதற்குப் பதில் தெரியாமல் எண்ணை மட்டும் மாற்றினால் வருவது வெறும் எண்தான், வீடு வராது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு நகரங்களின் வழக்கு இருக்கிறது. ஜப்பானிய வீட்டின் அறைகள் தத்தாமிப் பாயால் எண்ணப்படுகின்றன. ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்றுதான் பேச்சு. கியோத்தோ, ஒசாகா பக்கம் முதலில் பாயின் அளவை நிலையாக வைத்துக்கொண்டார்கள்: 6 ஷாகு 3 சுன் நீளம், அதில் பாதி அகலம். பாய்களை அடுக்கி, அந்த அடுக்குக்கு வெளியே தூண்களை நிறுத்தினார்கள். எதோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், நேர்மாறு. முதலில் தூண்களின் நடுக்கோடுகளை ஒரு கென்னுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு நிறுத்திவிட்டு, தூணின் தடிமன் போக மிஞ்சிய இடத்துக்குப் பாயைப் பொருத்தினார்கள். அதனால் எதோப் பாய் 5 ஷாகு 8 சுன்னாகச் சுருங்கிவிட்டது.

எட்டுப் பாய் அறை ஒன்றை இரண்டு ஊரிலும் போட்டுப் பார்க்கலாம். கியோத்தோவில் ஒவ்வொரு பக்கமும் நான்கு பாய் அகலம், 12 ஷாகு 6 சுன், 3.82 மீட்டர். எதோவில் இரண்டு கென், அதாவது 12 ஷாகு. அதில் 4 சுன் தூண் போக 11 ஷாகு 6 சுன், 3.52 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பரப்பில் பார்த்தால் முதல் அறை பதினான்கரைச் சதுர மீட்டர், இரண்டாவது பன்னிரண்டேகால் சொச்சம். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். இடையில் ஒரு முழுப் பாயும் அதற்கு மேலும் காணாமல் போயிருக்கிறது.

கியோத்தோ முறையில் வாடகைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பாய் எல்லா வீட்டிலும் ஒரே அளவு என்பதால் அதைச் சுருட்டாமல் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். எதோ காலத்து ஒசாகாவில் வெறும் கூட்டை மட்டும் வாடகைக்கு விடுவார்கள். பாய்களும் நழுவுகதவுகளும் குடிவருகிறவரின் சொந்தம். எதோ முறையில் சௌகரியம் தச்சருக்கு. கட்டம் ஒழுங்கானது, எத்தனை அறை வந்தாலும் உத்தரமும் தூணும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்.

கியோத்தோவில் அந்த ஒழுங்கு கிடையாது. நான் இதைக் கம்ப்யூட்டர் திரையில்தான் கற்றுக்கொண்டேன். எட்டுப் பாய் அறையில் தூண் நடுவிலிருந்து நடுவுக்கு 13 ஷாகு வருகிறது. இரண்டால் வகுத்தால் ஆறரை. இந்தக் கணக்கில்தான் கியோத்தோ கென் 6 ஷாகு 5 சுன் என்று சொல்லப்படுகிறது. சரி, ஆறரையில் கட்டம் போட்டு வைத்துவிடலாம் என்று தோன்றும். பக்கத்திலேயே ஆறு பாய் அறை இருந்தால் அதன் குறுகிய பக்கம் மூன்று பாய் அகலம்: 9 ஷாகு 4 சுன் 5 பு. தூணையும் சேர்த்தால் 9 ஷாகு 8 சுன் 5 பு. ஆறரைக் கட்டத்தில் ஒன்றரைக் கென் என்பதோ 9 ஷாகு 7 சுன் 5 பு. ஒரு சுன் ஒத்துவரவில்லை. மூன்று சென்டிமீட்டர். இரண்டு அறைகளின் தூண்களும் ஒரே கோட்டில் விழாது. மென்பொருள் போடும் அழகான சிவப்புக் கட்டக்கோடு இங்கே எதையும் தொடாமல் போய்க்கொண்டிருக்கும்.

கென் என்பதே தொடக்கத்தில் நீளம் இல்லை, இரண்டு தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. பழைய ஆவணத்தில் ஒரு மண்டபம் ஐந்து கென் என்றிருந்தால் ஐந்து இடைவெளி என்று பொருள். ஒவ்வொன்றும் எத்தனை ஷாகு என்பது அந்தக் கட்டடத்தின் சொந்த விஷயம். நிலவரி அதிகாரிகளுக்கு அது ஒத்துவருமா? 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொயொதோமி ஹிதெயோஷி நாடு முழுக்க நிலம் அளந்தபோது ஒரு கென் 6 ஷாகு 3 சுன். பின்னால் வந்த தொக்குகாவா ஆட்சியின் நில அளவையில் 6 ஷாகு 1 பு. கோல் சுருங்கினால் அதே வயல் காகிதத்தில் பெரிதாகும், வரியும் கூடும். இதைப் புரிந்துகொள்ள எந்த நாட்டு விவசாயிக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இத்தனை குழப்பத்தையும் தச்சர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்றால், எண்ணை முடிந்தவரை ஒதுக்கிவைத்துத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஓர் அளவுகோல் செய்வார்கள். நீளமான, வளைவில்லாத மரச்சட்டம். அதில் அந்த வீட்டுக்கு வேண்டிய உயரங்கள், இடைவெளிகள், பொருத்துத் துளைகளின் இடங்கள் எல்லாம் மையால் குறிக்கப்பட்டிருக்கும். கென்சாவோ என்று பெயர். வேலையாட்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஆளுக்கு ஆள் அளவுகோல் வேறுபட்டாலும், அந்த வீட்டுக்குச் சட்டம் சொன்னதே சட்டம். வரைபடமும் காகிதத்தில் இல்லை, ஒரு பலகையில். ஒரு பக்கம் இ, ரோ, ஹா என்ற எழுத்து வரிசையும் மறுபக்கம் எண் வரிசையும் குறித்த கட்டத்தில் தூண்கள் மட்டும் புள்ளிகளாக இருக்கும். அதே எழுத்தும் எண்ணும் ஒவ்வொரு தூணிலும் எழுதப்படும். வீடு முடிந்ததும் கோலையும் பலகையையும் கூரைக்குள் மேலேயே போட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம்.

அதனால் பழைய வீட்டு வேலை வந்தால் நாங்கள் முதலில் ஏறுவது பரணுக்கு. கோல் கிடைத்தால் என் லேசர் அளவுகள் எல்லாவற்றையும்விட அதை நம்புவேன். நூறு வருஷத்து மரம் காய்ந்து, தரை இறங்கி, தூண் சாய்ந்து, நான் அளப்பது இன்றைய வீட்டை. கோலில் இருப்பது தச்சர் நினைத்த வீடு. 1,966 என்றும் 1,973 என்றும் 1,961 என்றும் வரும் அளவுகளுக்குப் பின்னால் ஆறரை ஷாகு, 1,969.7 மில்லிமீட்டர், நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கப் பழக வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக 3.3 ஆல் பெருக்கி ஆறு ஷாகு நாலு சுன் எட்டு பு எட்டு ரின் என்று எழுதிக் கொடுத்தால் தச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தச்சர் கையில் எப்போதும் இருக்கும் கருவி சாஷிகனே. வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகு மூலைமட்டம். முன்பக்கம் சாதாரண ஷாகு, சுன். பின்பக்கத்தில்தான் சாமர்த்தியம். அங்கே உள்ள ஒரு வரிசைக் கோடுகள் 2 இன் வர்க்கமூல மடங்காக, அதாவது 1.414 மடங்காக விரிந்திருக்கும். உருட்டு மரத்தின் விட்டத்தின் குறுக்கே அந்தப் பக்கத்தை வைத்தால், அதிலிருந்து எத்தனை சுன் சதுரத் தூண் அறுக்கலாம் என்பது நேரடியாகத் தெரிந்துவிடும். இன்னொரு வரிசை வட்டத்துக்கு: விட்டத்தில் வைத்தால் சுற்றளவு. கணக்கை எஃகிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். சில மட்டங்களில் நல்லது கெட்டது சொல்லும் எட்டு எழுத்துகளும் உண்டு. செல்வம், நோய், பிரிவு என்று போகும். வாசல் அகலம் எந்த எழுத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள். சீனத்திலிருந்து வந்த வழக்கம். மனையடி சாஸ்திரம் புரட்டியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எங்கள் தச்சர் அதை நம்புவதில்லை என்பார், ஆனால் எழுத்தைப் பார்க்காமல் கதவு போட மாட்டார்.

ஷாகு என்று நான் எழுதிக்கொண்டே போவதில் ஒரு மறைப்பு இருக்கிறது. எல்லாக் காலத்திலும் அது 303 மில்லிமீட்டராக இருக்கவில்லை. நாராவிலுள்ள ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டுத் தந்த அளவுகோல்கள் இருக்கின்றன, சாயம் தோய்த்துப் பூவும் பறவையும் செதுக்கியவை. அவற்றில் பல இன்றைய ஷாகுவைவிடக் கொஞ்சம் குட்டை. ஷாகுவின் நீளம் மாறியதை வைத்தே ஜப்பானிய வரலாற்றாசிரியர்கள் பல காலம் மல்லுக்கு நின்றார்கள். இடம் ஹோர்யூஜி, உலகத்தின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் நிற்கும் கோயில்.

607ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அந்தக் கோயில் 670இல் முழுவதும் எரிந்துவிட்டது என்று நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அப்படியானால் இன்று நிற்பது பிறகு கட்டியது. கட்டடக்கலை அறிஞர் செகினோ தாதாஷி 1905இல் இதை மறுத்தார். அவர் ஆதாரம் ஓர் அளவு மாற்றம். தூண் இடைவெளிகளை அளந்து, பழைய கொரிய வழி ஷாகுவான கோமா ஷாகுவால், சுமார் முப்பத்தைந்தரை சென்டிமீட்டரால், வகுத்துப் பார்த்தார். முழு எண்கள் அழகாக வந்தன. அந்த ஷாகு 645இல் நடந்த அரசுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு புழக்கத்தில் இல்லை என்பது அவர் துணிபு. ஆகவே கட்டடம் அதற்கு முந்தியது, எரியவே இல்லை. வரலாற்றாசிரியர் கிதா சதாகிச்சி ஒப்புக்கொள்ளவில்லை. ஏட்டில் எரிந்தது என்று இருக்கிறது, எரிந்ததுதான் என்று பிடிவாதமாக நின்றார். 1939இல் கோயில் வளாகத்துக்குள்ளேயே வகாகுசா என்ற இடத்தில் தோண்டினார்கள். வேறு அமைப்பில் வேறொரு கோயிலின் அடித்தளம் கிடைத்தது. முதல் கோயில் அதுதான், இன்று நிற்பது இரண்டாவது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். பிறகு 2001இல் கோபுரத்தின் நடுத்தூணின் மரவளையங்களை எண்ணியபோது அந்த மரம் 594இல் வெட்டப்பட்டது என்று தெரிந்து விவாதம் மறுபடி கிளம்பியது, அது வேறு கதை.

செகினோவின் வகுத்தல் தப்பில்லை. ஆனால் வகுக்கும் எண்ணை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றால் எந்தக் கட்டடமும் முழு எண்ணில் வந்து நிற்கும். அதே ஹோர்யூஜி 26.7 சென்டிமீட்டர் ஷாகுவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று பின்னால் வாதிட்டவர்களும் உண்டு. பரணில் கோல் கிடைக்காத வீட்டில் நானும் அப்படி வகுத்துத்தான் பார்க்கிறேன். முழு எண் வந்ததும் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்றைய ஷாகு மெய்ஜி காலத்துப் பிறப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் கடற்கரை முழுவதையும் நடந்தே அளந்த இனோ தாதாதாகா, அன்று புழங்கிய இரண்டு ஷாகுகளின் நடுவில் ஒன்றைத் தனக்காக அமைத்துக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த நடுவாந்தர ஷாகுவையே 1875இல் மெய்ஜி அரசு ஏற்றது. 1885இல் ஜப்பான் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. பிளாட்டினம்-இரிடியம் மூலக்கட்டை 1890இல் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே அளவைச் சட்டம் எழுதினார்கள்: அந்தக் கட்டையின் முப்பத்துமூன்றில் பத்துப் பங்கு ஒரு ஷாகு. என் அட்டையில் கணக்கு மிச்சமில்லாமல் வருவதன் ரகசியம் இதுதான். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல் ஜப்பானில் விற்ற ஒவ்வொரு ஷாகு கோலும் மீட்டரின் பேரப்பிள்ளை. மீட்டரைப் பாரம்பரிய ஷாகுவாக மாற்றுகிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; சட்டம் நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்பே ஷாகுவை மீட்டராக மாற்றிவிட்டது.

மாற்றியும் ஒழியவில்லை. 1909இல் கஜமும் பவுண்டும்கூடச் சட்டப்படி செல்லும் என்றார்கள், ஆக மூன்று முறைகள். 1921இல் மீட்டர் ஒன்றே போதும் என்று திருத்தினார்கள். தேசியம் சூடேறிய 1930களில், ஷாகு நம் முன்னோர் சொத்து என்று குரல் எழும்ப, தவணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. போருக்குப் பிறகு 1951இல் புதிய சட்டம். 1959 தொடக்கத்திலிருந்து வியாபாரத்தில் மீட்டர் மட்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் 1966 மார்ச் வரை அவகாசம். அதன் பிறகு ஷாகு கோடு போட்ட மூலைமட்டம் செய்வதும் விற்பதும் குற்றம்.

தச்சர்களும் கிமோனோ தைப்பவர்களும் இருந்த கோலைத் தேயத்தேய வைத்துக்கொண்டார்கள், மறைவில் வாங்கினார்கள். இதைப் பொறுக்காமல் கிளம்பியவர் ஒரு வானொலிக்காரர். எய் ரொக்குசுகே. ‘சுகியாக்கி’ என்ற பெயரில் 1963இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஜப்பானியப் பாட்டை எழுதியவர். 1976இல் அவர் வானொலியிலும் மேடையிலும் இதைப் பேச ஆரம்பித்தார். தானே ஷாகு கோல் செய்வித்து விற்றார். முடிந்தால் கைதுசெய்யுங்கள் என்றார். எந்தக் கைதும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டே அரசு இறங்கிவந்தது, தனக்கே உரிய முறையில். ஷாகு என்று எழுதாமல் விற்கலாம். கோட்டுக்குப் பக்கத்தில் ‘1/33 மீ’ என்று இருக்க வேண்டும். மீட்டரில் 33இல் ஒரு பங்கு என்றால் அது சுன். தையல்காரர்களின் நீளமான திமிங்கில ஷாகுவுக்கு ‘1/26.4 மீ’. எங்கள் தச்சரின் மட்டத்திலும் அந்தப் பின்னம் பொறித்திருக்கிறது. எனக்கு அது அரசாங்க நகைச்சுவையின் உச்சம்; அவருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

இதற்கிடையில் மரவாடிகள் தங்கள் வழியில் போய்விட்டன. அரைக் கென் 909.09 மில்லிமீட்டர், அதை 910 என்று முழுதாக்கினார்கள். இன்று ஜப்பானில் எழும் மரவீடுகளில் பெரும்பாலானவை இந்த 910 கட்டத்தில் நிற்கின்றன. பிளைவுட் 910க்கு 1,820, கடையில் ‘மூணாறு’ என்று கேட்டால் கொடுப்பார்கள், நம் ஊரில் எட்டுக்கு நாலு கேட்பதுபோல. மூன்றரை சுன் தூண் உண்மையில் 106 மில்லிமீட்டர், விற்பது 105. நாலு சுன் தூண் 121 அல்ல, 120. ஒவ்வொன்றும் அற்ப வித்தியாசம்தான். ஆனால் பழைய ஷாகுவில் கட்டிய பத்துக் கென் கூடத்தோடு 910 கட்டத்தில் ஒரு நீட்சியைச் சேர்த்தால் கடைசித் தூண் 18 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். கியோத்தோ வீடு என்றால் தொல்லை வேறு மாதிரி: இங்கே அரைக் கென் 985, பலகை 910. ஒவ்வொரு இடைவெளியிலும் நாலு விரல் அகலத்துக்கு ஒட்டுப் போட வேண்டும், அல்லது பெரிய பலகை வாங்கி அறுத்து எறிய வேண்டும். எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ‘கழிவு’ என்ற வரி எப்போதும் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். வாடிக்கையாளர்களுக்கு இதைப் புரியவைப்பது தச்சு வேலையைவிடக் கஷ்டம்.

அளவு மறைந்த இடங்களிலும் அதன் வேலை நடக்கிறது. 1950களில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடநெருக்கடியும் கான்கிரீட் சுவரும் பாயை இன்னும் சுருக்கின; 1,700க்கு 850 பாய் வந்தது. அங்கே எட்டுப் பாய் அறை பதினொன்றரைச் சதுர மீட்டர். வீட்டு விளம்பரங்களில் ‘ஆறு பாய்’ என்று போட வேண்டுமானால் ஒரு பாய் குறைந்தது 1.62 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்று விளம்பர விதி இருக்கிறது. மனை விலையைச் சதுர மீட்டரில் எழுதிவிட்டு ட்சுபோவில் பேசுகிறார்கள். ஜப்பானிய ஆட்சி விட்டுப்போன அதே 3.3 சதுர மீட்டர் தைவானில் பிங் என்றும் கொரியாவில் பியோங் என்றும் புழங்குகிறது; தென்கொரியா 2007இல் வியாபாரத்தில் அதைத் தடுத்தும் வீட்டுத் தரகர்கள் வாயிலிருந்து போகவில்லை.

நகராட்சிக்கு நான் கொடுக்கும் வரைபடத்தில் ஷாகு என்ற சொல்லே கிடையாது. எல்லாம் மில்லிமீட்டர். தச்சருக்குப் போகும் பிரதியில் அவர் பென்சில் எழுத்துகள் ஏறிவிடும். இரண்டிலும் ஒரேபோல இருப்பது கூரைச் சரிவு மட்டும். தச்சர் அதை நாலு சுன் சரிவு என்பார்: ஒரு ஷாகு கிடைமட்டமாகப் போனால் நாலு சுன் எழும்பும். பாகையில் சொன்னால் 21.8, அந்தக் கணக்கு இங்கே யாருக்கும் வேண்டாம். வரைபடத்தில் 4/10 என்று எழுதுகிறேன். பின்னத்துக்கு அலகு கிடையாது என்பதால் எந்த அளவைச் சட்டமும் அதைத் தொட முடியவில்லை. நகராட்சிப் பொறியாளரும் முத்திரை குத்தும்போது அதை ‘நாலு சுன்’ என்றுதான் வாசிக்கிறார்.